பத்து காஜா: கெல்லி கோட்டையா, மாரியம்மன் கோயிலா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தோட்டங்கள் சூழ்ந்த பத்து காஜா ஊரில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் எதைப் பார்ப்பது? எல்லாரும் போவது கெல்லி கோட்டைக்கு. ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததால் பாதியில் நின்றுபோன மாளிகை. செங்கல் சுவர்கள், மின்தூக்கிக்கென்று விட்ட இடம், மொட்டை மாடிக் காற்று, எல்லாம் அழகுதான். கட்டணம் உண்டு.

என் ஓட்டு பக்கத்து மாரியம்மன் கோயிலுக்கு. கோட்டையைக் கட்டும்போது கொள்ளைநோயில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள். மிஞ்சியவர்கள் கேட்டு எழுந்த கோயில் இது. கூரைமேல் தெய்வங்களோடு வெள்ளைக் கோட்டு போட்ட கெல்லி துரையும் நிற்கிறார், அண்ணாந்து தேடுங்கள். நம் ஆட்களின் கதை கோட்டையைவிட இங்கேதான் நெஞ்சில் தைக்கிறது.

அப்புறம் சாப்பாடு. காலை என்றால் டவுனில் ஒட்டுக்கடைத் தோசையும் தே தாரிக்கும் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்). மதியம் வாழையிலைச் சாப்பாடு.