பழைய ராயலெக்ஸ் கேனோவுக்கு மினிசெல் சேடில் கிட்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

டேகர் ஒகோயி, மேட் ரிவர் அவுட்ரேஜ் போன்ற ஒற்றை ஆள் வொயிட்வாட்டர் (நுரைத்துப் பாயும் ஆற்றில் ஓட்டும்) கேனோக்கள் அமெரிக்காவில் இன்றும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ராயலெக்ஸ் என்ற அடுக்குப் பிளாஸ்டிக் தகட்டின் தயாரிப்பு 2014-உடன் நின்றுவிட்டாலும், அதில் செய்த படகுகளின் ஓடு நன்றாகவே உழைக்கிறது. முதலில் கெடுவது உள்வேலைதான்: நுரை நசுங்கும், வார் நைந்துபோகும், ஒட்டு உரியும். அதை மொத்தமாக மாற்றுவதற்கென்று விற்கும் கிட்டில் மினிசெல் நுரையால் ஆன சேடில் (மண்டியிட்டு, இருபுறமும் கால் போட்டு உட்காரும் இருக்கை), முழங்கால் மெத்தைகள், இரட்டைத் தொடை வார்கள், வாரைக் கோக்க டி-வளையம் பொருத்திய வினைல் ஒட்டுகள், கால் ஊன்றும் கட்டைகள் ஆகியவை வழக்கமாக இருக்கும். காற்றுப் பைகளைத் தனியாக வாங்க வேண்டும்.

இவற்றில் சேடிலும் தொடை வாரும் கொடுக்கிற காசுக்குத் தகும். முழங்கால் மெத்தை தகாது. முக்கால் அங்குல மினிசெல் தகடு ஒன்று வாங்கி வெட்டிக்கொண்டால் அதே வேலை நடக்கும்.

மினிசெல் மூடிய அறைகள் கொண்ட பாலிஎத்திலீன் நுரை, தண்ணீர் குடிக்காது. கட்டைவிரலால் அழுத்திவிட்டால் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும். குழி அப்படியே நின்றால் அது பொதி கட்டும் நுரை, சில மாதங்களில் தொய்ந்துவிடும். சேடில் பெரும்பாலும் தேவைக்கு மேல் உயரமாகவே வரும். 7 முதல் 9 அங்குலம் போதும். தாழ்ந்தால் படகு நிலையாக நிற்கும், ஆனால் கணுக்கால் நோகும். பெரிய பாதம் உள்ளவர் ரொம்பத் தாழ்த்தினால் கவிழும்போது கால் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே காலில் ஆற்றுக் காலணியோடு மண்டியிட்டு அளந்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். உட்காரும் பள்ளம் மேலே இருப்பதால் எப்போதும் அடியிலிருந்து அரை அரை அங்குலமாகக் குறையுங்கள். நீண்ட ரொட்டிக் கத்தி நன்றாக வெட்டும். ஓட்டின் வளைவுக்கு இணங்க 60-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளலாம்.

கிட்டோடு வரும் குறிப்புத் தாள் சேடிலைப் படகின் நடுவில் வைத்து ஒட்டச் சொன்னால் அதைக் கேட்காதீர்கள். படகின் நடுவும் உங்கள் உடல் எடையின் நடுவும் ஒன்றல்ல. மண்டியிட்டவரின் எடை முன்னால் சாயும், தொடை நீளமும் ஆளுக்கு ஆள் மாறும். சேடிலை ஒட்டாமல் வைத்து, காற்றுப் பைகள், தண்ணீர்ப் புட்டி, கயிறு எல்லாம் ஏற்றி, அசையாத நீரில் உட்காருங்கள். கரையில் நிற்பவர் அணியமும் (முன்முனை) அமரமும் (பின்முனை) நீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கட்டும். நிமிர்ந்து உட்காரும்போது அமரம் ஒரு மயிரிழை தாழ்ந்திருப்பது நல்லது, துடுப்பை முன்னால் போடும்போது படகு மட்டத்துக்கு வந்துவிடும். அணியம் கனத்தால் அலையில் மூக்கு புதையும், படகு திரும்ப மறுக்கும். அமரம் கனத்தால் எடிக்குள் (பாறைக்குப் பின்னால் நீர் எதிர்த்துச் சுழலும் இடம்) நுழையும் கோட்டில் ஓட்டம் பின்பக்கத்தைப் பிடித்து அழுத்திவிடும், காற்று அணியத்தை அலைக்கழிக்கும். 11 அடிப் படகில் சேடில் ஒரு அங்குலம் நகர்ந்தாலே வேறுபாடு தெரியும். சரியான இடம் கிடைத்ததும் மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள்.

அடுத்தது பசை, பெரும்பாலான கிட்டுகள் தோற்பது இங்கேதான். ராயலெக்ஸின் உள்தோல் வினைல். வினைலில் உள்ள மென்மையூட்டி சாதாரண கான்டாக்ட் சிமென்டை நாளடைவில் இளக்கும். சேடிலை உடல் எடை கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால் அதற்குக் கான்டாக்ட் சிமென்ட் தாங்கும். தொடை வாரின் டி-வளைய ஒட்டு இழுவிசையில் இருப்பது, அதற்கு வைனபாண்ட் போன்ற வினைல் பசைதான் வேண்டும். கிட்டில் ஒரே ஒரு குப்பிப் பசை வந்தால் எந்த வகை என்று பாருங்கள். ஒட்டும் இடத்தை லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அசிட்டோன் வினைலைக் கெடுத்துவிடும். வெயில் பாதுகாப்புத் தெளிப்பான் பூசிய படகாக இருந்தால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். இருபுறமும் மெல்லிய பூச்சு, தொட்டால் விரலில் ஒட்டாத அளவு உலர்ந்ததும் இரண்டாம் பூச்சு, அதுவும் உலர்ந்த பின் ஹீட் கன்னால் இதமாகச் சூடாக்கி நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளமாகும். காற்றோட்டம் இல்லாத அறையில் செய்யவே கூடாது. 24 மணி நேரம் வாரை இழுக்காமல் விடுங்கள்.

தொடை வார் தொடையின் நடுப்பகுதியைக் கடந்து போக வேண்டும். முழங்காலை ஒட்டிப் போனால் பிடி பலமாக இருக்கும், வெளியேறுவது சிரமம். இடுப்புக்கு அருகே போனால் படகைச் சாய்த்து நிமிர்த்தும் பலம் போய்விடும். கொக்கி கண்ணை மூடிக்கொண்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ஓட்டத்தில் இறங்குமுன் அசையாத நீரில் வேண்டுமென்றே கவிழ்த்து, வெளியேறிப் பாருங்கள். இதைத் தவிர்க்கவே கூடாது. முழங்கால்களை அடியும் பக்கச்சுவரும் சேரும் மடிப்பு வரை அகட்டி வையுங்கள், பக்கவாட்டு நிலைப்பு அங்கிருந்துதான் வருகிறது. இடைவெளி இருந்தால் நுரை ஆப்பு ஒன்று செருகுங்கள். கால் கட்டை முழங்காலை மெத்தைக்குள் தள்ளுமளவு அழுத்தினால் போதும், பாதம் அதன் அடியில் நுழைய இடம் இருக்கக்கூடாது.

காற்றுப் பைக்குக் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கன அடி காற்று 28 லிட்டர் தண்ணீரை வெளியே நிறுத்துகிறது, அதாவது 28 கிலோ. விளிம்புச் சட்டத்தில் சில அங்குல இடைவெளியில் துளையிட்டு 4 மில்லிமீட்டர் நைலான் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுங்கள். மேலே இந்தக் கயிற்றுக் கூண்டு மட்டும் போதாது, அடியில் ஒரு வார் கட்டாவிட்டால் நீர் நிறைந்ததும் பை பக்கவாட்டில் பிதுங்கி வெளியே வந்துவிடும். வெயிலில் நிறுத்தும்போது காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். அணையிலிருந்து குளிர்ந்த நீர் வரும் நன்டஹேலா போன்ற ஆறுகளில் படகை நீரில் இறக்கிய பிறகு மறுபடி ஊத வேண்டும், குளிரில் பை சுருங்கிவிடும்.

பாலிஎத்திலீன் படகு வைத்திருப்பவர் இந்த ஒட்டு வகைக் கிட்டை வாங்க வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கில் பசை நிற்பதில்லை. போல்ட் போட்டு இறுக்கும் நங்கூரங்கள் கொண்ட கிட் தனியாகக் கிடைக்கிறது, துளைகளுக்கு அகலமான வாஷரும் நீர்புகாப் பூச்சும் சேர்த்து வாங்குங்கள்.