84,000 ரூபாய் போச்சு: ஆன்லைன்ல கடை போட்டிருக்கிறவங்க படிங்க

ராத்திரி பூரா தூங்கல. ஆத்திரம் அடங்கல, ஆனாலும் இப்பவே எழுதிடறேன்.

பெங்களூரு அல்சூர்ல வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விக்கிறேன். சொந்தமா ஒரு வெப்சைட் உண்டு. கூகுள் விளம்பரம் போடலாம்னு கோரமங்கலா பக்கம் ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிக்குப் போனேன். பேச வந்த பையன் தமிழ். "நானும் மதுரைதான்க்கா"ன்னான். ஊர்ப் பிள்ளை நம்மளை ஏமாத்துமான்னு அங்கேயே மனசு இளகிடுச்சு. "விளம்பரம் பார்த்து வந்தவங்கள்ல எத்தனை பேர் வாங்கினாங்கன்னு வெப்சைட்ல ஜாவாஸ்கிரிப்ட் கோடு (code) போட்டுக் காட்டிடுவோம்"னான். விளம்பரச் செலவு, அவங்க கட்டணம் எல்லாம் சேர்த்து 84,000 ரூபாய். மொத்தமா ஜிபேல அனுப்பிட்டேன்.

முதல் மாச ரிப்போர்ட்ல 412 கன்வர்ஷன், அதாவது விளம்பரம் பார்த்து வந்து வாங்கினதா கணக்கு. எனக்கு வந்த ஆர்டர் 9! கேட்டா, "டேட்டா செட்டில் ஆகணும்க்கா." அடுத்த வாரம், "கூகுள் இன்னும் லேர்னிங்ல இருக்குக்கா." அப்புறம், "வேற போன்ல வாங்கியிருப்பாங்க, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது." எந்தப் போன்ல வாங்கினாலும் சேலையை நான்தானே பார்சல் கட்டணும்?

ஞாயித்துக்கிழமை நாத்தனார் மகன் கோடைத் திறந்து பார்த்தான். பணம் கட்டின பிறகு வர்ற நன்றிப் பக்கத்துல மட்டும் ஓட வேண்டிய கன்வர்ஷன் கோடை எல்லாப் பக்கத்துலயும் போட்டு வெச்சிருக்காங்க. பக்கம் திறந்தாலே ஒரு விற்பனை! ஆர்டர் நம்பரை டிரான்சாக்‌ஷன் ஐடின்னு சேர்த்து அனுப்பியிருந்தா ஒரே ஆர்டர் ரெண்டு தடவை எண்ணப்படாது. அதையும் செய்யல. இதைவிடக் கொடுமை, யாருக்கு விளம்பரம் காட்டணும், அதுக்கு எவ்வளவு காசு போடணும்னு தானா முடிவு பண்ற கூகுளோட தானியங்கி ஏலம் இந்தக் கணக்கை நம்பித்தான் ஆளைத் தேடுது. சும்மா எட்டிப் பார்க்கிறவங்களையே என் காசுல தேடித் தேடிக் கூட்டிட்டு வந்திருக்கு.

நேத்து நேர்ல போனேன். "சார் மீட்டிங்ல இருக்கார்"னு ரெண்டு மணி நேரம் உட்கார வெச்சாங்க. வெளியே வந்து போன் போட்டா, என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. விளம்பர அக்கவுன்ட்டும் அவங்க பேர்ல, உள்ளே போய் எதையும் பார்க்க முடியல. அந்த 84,000 ரூபாய், ஊர்ல சேலைக்கு முடிச்சுப் போடுற பொம்பளைங்களுக்குக் கூலி குடுக்க வெச்சிருந்தது.

விவரமா டிப்ஸ் எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், முடியல. அக்கவுன்ட்டை உங்க ஜிமெயில்லயே திறங்க, ஏஜென்சிக்கு அனுமதி மட்டும் குடுங்க. வாராவாரம் ரிப்போர்ட்டை ஆர்டர் நோட்டோட ஒத்துப் பாருங்க. எந்தப் பக்கத்துல எந்தக் கோடு ஓடுதுன்னு காட்டுற கூகுளோட டேக் அசிஸ்டென்ட் இலவசம். எதுவும் வாங்காம முகப்பைத் திறந்ததுமே கன்வர்ஷன் ஓடுச்சுன்னா உடனே விளம்பரத்தை நிறுத்துங்க. பில் வாங்காம பணம் குடுக்காதீங்க.

இன்னைக்கு நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசப்போறேன். கையில பில் இல்லை. 84,000 ரூபாய் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் இருக்கு.