வுட் பர்னர் பூட்டுகிறவர்களுக்கு: புகைபோக்கிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கடைசிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்குகிற எங்கள் ஆட்கள் பலர் இப்போது முன்னறையில், அறையைச் சூடாக்கும் விறகடுப்பான வுட் பர்னரைப் பூட்டுகிறார்கள். காஸ் பில் ஏறிய பிறகு இன்னும் கூடிவிட்டது. எங்களுக்கு நடந்ததை அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பூட்டியவரின் பெயரைப் போடவில்லை. இப்படிப்பட்டவர்கள் கம்பனிப் பெயரை மாற்றிக்கொண்டு திரும்ப வருவார்கள்; அவர்கள் செய்கிற வேலையை அடையாளம் கண்டுகொண்டால்தான் தப்பலாம்.

எங்களுக்குப் பூட்டியவரின் வான் வண்டியில் ஹெட்டாஸ் சின்னம் பெரிதாக ஒட்டியிருந்தது. விறகு, நிலக்கரி அடுப்புகள் பூட்டுகிறவர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு அது. அதில் பதிவுள்ளவர் பூட்டினால், வேலை கட்டட விதிகளுக்கு அமைவானது என்று அவரே சான்றளிக்கலாம். பதிவில்லாதவர் பூட்டுவதென்றால், தொடங்கும் முன்பே கவுன்சிலின் கட்டடப் பிரிவுக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்க்க வேண்டும். எங்களுடையவர் சான்றிதழ் தபாலில் வரும் என்றார். வரவில்லை. கேட்கக் கேட்க ஒஃபிஸில் தாமதம் என்றார்; பிறகு போனை எடுக்கவேயில்லை. ஹெட்டாஸின் இணையப் பட்டியலில் தேடினால் அப்படியொரு கம்பனியே இல்லை.

அதற்கிடையில் குளிர் தொடங்கிவிட்டது. ஊரிலிருந்து வந்திருந்த மாமி பின்னேரங்களில் தலையிடி, பிரட்டல் என்று சொல்லத் தொடங்கினார். வெளியில் போய்வந்தால் சுகம்; அடுப்பெரியும் அறையில் இருந்தால் திரும்பவும் வரும். பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள் கேட்டார்: "தம்பி, கார்பன் மொனொக்சைட் அலாரம் எங்கை பூட்டியிருக்கு?" அடுப்பிலிருந்து வரக்கூடிய அந்த நச்சு வாயுவை உணர்ந்து அலறும் கருவி அது. எங்கேயும் இல்லை. புது வுட் பர்னர் பூட்டும்போது அதே அறையில் அந்த அலாரம் இருக்க வேண்டும் என்பது இங்கு விதி. அடுப்புப் பூட்டின அந்தாள் அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அலாரம் வாங்கி வைத்த அன்றே, சமையலறையில் எக்ஸ்ட்ராக்டர் ஃபானைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில், அது அலறியது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடிவந்து 999ஐ அழைத்தோம். மாமியை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். இப்போது சுகமாக இருக்கிறார். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை மணக்கவில்லை, ஆகவே பயமில்லை என்று யாரும் இருந்துவிடாதீர்கள்.

ஏன் அப்படி நடந்தது? ஃபான் வீட்டுக்காற்றை வெளியே இழுக்கிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால், புகைபோக்கி வழியாகவே காற்று கீழே இறங்கும். மேலே போக வேண்டிய வாயு அதோடு அறைக்குள் வரும். பழைய வீடுகளில் 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட அடுப்பு என்றால், மேலதிகமான ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் 550 சதுர மில்லிமீற்றர் அளவில், எப்போதும் திறந்திருக்கும் காற்றுத்துளை வேண்டும். எங்களுடையது 8 கிலோவாட். 1650 சதுர மில்லிமீற்றர் துளை இருந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடப்படவில்லை. காற்றுப் புகாமல் கட்டிய புது வீடுகளில் சின்ன அடுப்புக்கும் துளை வேண்டும். பூட்டி முடித்ததும் கதவு ஜன்னல்களை மூடி, வீட்டிலுள்ள ஃபான்களையெல்லாம் முழு வேகத்தில் விட்டு, புகை அறைக்குள் திரும்புகிறதா என்று சோதிக்க வேண்டும். அந்தச் சோதனை எங்கள் வீட்டில் நடக்கவேயில்லை.

பிறகு பதிவுள்ள ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் புகைபோக்கிக்குள் கமெராவை விட்டுக் காட்டியதைப் பார்த்தபோது கை நடுங்கியது. அடியிலிருந்து உச்சிவரை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் லைனர் (புகைபோக்கிக்குள் இறக்கும் உட்குழாய்) என்று பில்லில் எழுதி, பணமும் வாங்கியிருந்தார்கள். உள்ளே ஒரு கை நீளத்துக்குக் குழாய் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் சாந்து உதிர்ந்த பழைய செங்கல்தான். புகைபோக்கி நல்ல நிலையில் இருந்தால் லைனர் இல்லாமலும் பாவிக்கலாம். ஆனால் எங்களுடையது அந்த நிலையில் இல்லை, போடாத லைனருக்குக் காசும் வாங்கியாயிற்று. இது களவு. மேல்மாடி அறைச் சுவரில் பரவிய மண்ணிறக் கறை, செங்கல் இடுக்கால் கசிந்த தார். அடுப்புக்கு மேலே புகைபோக்கியின் வாயை மூடிய பலகையோ சாதாரண பிளாஸ்டர்போர்ட்! தீப்பிடிக்காத பொருள் இருக்க வேண்டிய இடம் அது. ஒற்றைச் சுவர்க் குழாயிலிருந்து மரம்போன்ற எரியும் பொருட்கள், மறைப்பு இல்லாவிட்டால், குழாய் விட்டத்தின் 3 மடங்கு தள்ளியிருக்க வேண்டும். எங்கள் குழாய் 150 மில்லிமீற்றர், ஆகவே 450 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். மரச் சட்டமோ ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

ஆகவே விலை பேசும்போதே ஆளின் பதிவு அட்டையைக் கேளுங்கள், வண்டியில் உள்ள சின்னத்தை நம்பாதீர்கள். லைனர் இறக்குவதை வீட்டில் நின்று பாருங்கள், படம் எடுங்கள். அடுப்பு, லைனர் விபரம் எழுதிய தகடு சுவரில் ஏற வேண்டும். சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். கடைசிப் பங்குப் பணம் இதெல்லாம் முடிந்த பிறகுதான்.

விறகு விற்றவர்களும் ஏமாற்றினார்கள். உலையில் உலர்த்தியது என்று விற்ற பையில் வந்த கட்டைகளைப் பிளந்து, உட்பக்கத்தில் ஈரமானியைக் குத்தினால் 30 சதவீதத்துக்கு மேலே காட்டியது. 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கனமீற்றருக்குக் குறைவாக விற்கும் விறகு 20 சதவீதத்துக்கு மேல் ஈரமாக இருக்கக் கூடாது. 'ரெடி டு பர்ன்' (எரிக்கத் தயார்) என்ற முத்திரையும் வேண்டும். ஈரக்கட்டை எரியும்போது நுனியில் நுரைத்துச் சீறும், கண்ணாடி கறுக்கும், தார் புகைபோக்கியில் படிந்து ஒருநாள் அதுவே பற்றிக்கொள்ளும். இரவில் காற்றை முழுக்க அடைத்துப் புகைய விடுவதும் இதே கேட்டைத்தான் தரும். சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். அடுப்புக் கதவைச் சுற்றி ரப்பர்போல் காற்றை அடைக்கும் கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க, ஒரு கடதாசியைக் கதவில் வைத்துப் பூட்டி இழுங்கள். இலகுவாக வந்தால் கயிறு மாற்ற வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். முற்பணத்தை மட்டும் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம், அது காப்பாற்றியது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளின் விலை 100 பவுணுக்கு மேல், 30,000க்கு மிகாமல் இருந்தால், ஒரு பகுதியைக் கார்டில் கட்டியிருந்தாலும் முழுத்தொகைக்கும் கார்ட் கம்பனி பொறுப்பு. கமெராப் படங்களையும் எழுத்துமூல அறிக்கையையும் கொடுத்தோம். பெரும்பகுதி திரும்பி வந்தது. இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி இலக்கத்துக்குச் சொன்னால், அவர்கள் வியாபார மோசடிகளை விசாரிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு அனுப்புவார்கள். ஏற்கெனவே சான்றிதழ் இல்லாமல் பூட்டியவர்கள் கவுன்சிலிடம் பிந்திய அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை அடுப்பை மூட்டாதீர்கள்.