டாக்டர் பிரியஸ் செயலி: பற்றரி திருத்திய வாகனத்துக்குக் கட்டாயம் தேவை

இலங்கை வீதிகளில் ஓடும் மூன்றாந் தலைமுறை ரொயோட்டா பிரியஸ் கார்கள் பத்து வயதைக் கடந்துவிட்டன. பெற்றோலோடு மின்சாரத்திலும் ஓடும் இந்தக் கலப்பினக் கார்களுக்குப் புதிய உயர் மின்னழுத்தப் பற்றரி வாங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதால், பழுதான மொடியூல்களை (பற்றரிக்குள் வரிசையாக இருக்கும் சிறு பற்றரிகளை) மட்டும் மாற்றித் திருத்துவதே பலருக்கும் உள்ள வழி. எங்கள் வாகனத்துக்கும் அவ்வாறே செய்தோம். சில வாரங்களில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கும் பற்றரி பழுது என்று காட்டும் பி0ஏ80 பிழைக் குறியீடும் திரும்பி வந்தன. திருத்திய கராஜில் இன்னும் இரண்டு மொடியூல்களை மாற்றச் சொன்னார்கள். அதற்குச் சம்மதிக்கும் முன், பற்றரியின் நிலையைக் கைபேசியில் காட்டும் டாக்டர் பிரியஸ் செயலியை நிறுவிப் பார்த்தோம்.

பிரியஸின் பற்றரியில் 7.2 வோல்ட் மொடியூல்கள் 28 தொடராக இணைந்து 201.6 வோல்ட் தருகின்றன. வாகனத்தின் கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து, 14 தொகுதிகளாகவே அளக்கிறது. வாகனக் கணினியின் தரவைப் படிப்பதற்கான ஓபிடி துளையில் பொருத்தும் சிறிய புளூடூத் கருவியின் ஊடாக அந்த 14 அளவீடுகளையும் செயலி நேரடியாகக் கைபேசியில் காட்டுகிறது. ஒருவர் ஓட்ட, மற்றவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதே பாதுகாப்பானது.

எங்கள் வாகனத்தில் ஒரு தொகுதி தாழ்ந்திருந்தது. அதற்கு அடுத்த தொகுதியோ ஏறத்தாழ அதே அளவுக்கு உயர்ந்து நின்றது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். மொடியூல் உண்மையிலேயே நலிந்திருந்தால், வேகமெடுக்கும்போது அந்தத் தொகுதி மட்டும் சரியும். பக்கத்துத் தொகுதி அதற்கு ஈடாக உயர வேண்டிய காரணம் எதுவுமில்லை. இரண்டின் கூட்டுத்தொகை மாறாமல் ஒன்று குறைந்து மற்றொன்று கூடுமானால், அவ்விரண்டுக்கும் பொதுவான அளவீட்டு வயரின் இணைப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பற்றரியைத் திறந்தபோது, அந்த வயரின் வளையமும் அதன் கீழே மொடியூல்களை இணைக்கும் செப்புப் பட்டையும் பச்சைக் களிம்பு படிந்திருந்தன. பட்டைகளைச் சுத்தம் செய்து, நட்டுகளை 5.4 நியூட்டன் மீற்றர் அளவுக்கு முறுக்கியதும் இரு தொகுதிகளும் சமநிலைக்கு வந்தன. மொடியூல் எதையும் மாற்றவில்லை.

திறந்து பார்க்கும் வேலையை உயர் மின்னழுத்தப் பயிற்சி பெற்றவரிடமே விட வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பற்றரியின் உயர் மின்னழுத்தத்தைத் துண்டிக்கும் செம்மஞ்சள் நிறச் சேவைப் பிளக்கைக் கழற்றிய பின்னும், மின்தேக்கிகள் வெறுமையாகக் குறைந்தது 10 நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். மின்காப்புக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. திரும்பப் பொருத்தும்போது பிளக்கின் கைப்பிடியை இறுதிப் பூட்டு நிலைவரை தள்ளாவிட்டால், பி0ஏ0டி குறியீடு வந்து வாகனம் ரெடி (ஓடத் தயார்) நிலைக்கே போகாது. திருத்தம் முடிந்தவுடன் கார் இயங்க மறுத்தால், பலரும் புதிய பழுது என்று அஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பூட்டைத்தான்.

செயலியின் எல்லையையும் சொல்ல வேண்டும். பழைய மொடியூலிலிருந்து கசியும் காரக் கரைசல் உலோகப் பெட்டியைத் தொட்டு மின்கசிவு ஏற்பட்டால் பி0ஏஏ6 குறியீடு தோன்றும். மழைக்காலத்தில் இது அடிக்கடி தலைகாட்டும். தொகுதி வோல்ட் அளவுகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. பிழைக் குறியீட்டோடு பதிவாகும் மூன்றிலக்க உட்குறியீட்டையும் படிக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்: 612 என்றால் கசிவு பற்றரிப் பகுதியில், 611 என்றால் குளிரூட்டி (ஏசி) பகுதியில், 613 என்றால் மோட்டர்களும் கியர்களும் உள்ள டிரான்ஸ்அக்ஸில் பகுதியில். இந்த வேறுபாட்டைப் பாராமல் பற்றரியைக் கழற்றுவது வீண் செலவு. அதேபோல், 12 வோல்ட் துணைப் பற்றரி தளர்ந்திருந்தாலும் தொடர்பில்லாத குறியீடுகள் வரிசையாக வரக்கூடும் என்பதால், அதை முதலிலேயே சோதித்துவிடுவது நல்லது.

மலிவான புளூடூத் கருவிகளில் பல மெதுவானவை. அளவுகள் தாமதித்து வந்தால் மேலே சொன்ன ஒப்பீடு பயனற்றுப்போகும். செயலி பரிந்துரைக்கும் கருவிகளில் ஒன்றையே வாங்குங்கள். பற்றரியின் எஞ்சிய ஆயுளை மதிப்பிடும் சோதனைக்குத் தனியே பணம் கட்ட வேண்டும். இணைப்புகளைச் சுத்தம் செய்து, பின் இருக்கையின் பக்கவாட்டில் பற்றரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளையின் தூசியையும் நீக்கிய பிறகு அதைச் செய்தால்தான் கிடைக்கும் முடிவை நம்பலாம்.