அம்மாவின் ஆறு பற்கள்

ஒஸ்லோவிலிருந்து புறப்பட்டு, கோலாலம்பூரில் ரயிலேறி, சுங்கை சிப்புட் வந்து இறங்கியது வரை எல்லாம் நேரப்படி நடந்ததால் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அம்மாவின் கீழ்வரிசை முன்பற்கள் ஆறைப் பற்றி.

நான் வந்த மூன்றாம் நாள், தோசையைக் கடிக்கும்போது பல் ஆடுகிறது என்று அம்மா சொன்னார். பெக்கானில் (டவுனில்) உள்ள ஒரு தனியார் பல் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அந்த மருத்துவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார், ஒரு பல்லை இரண்டு விரலால் பிடித்து அசைத்தார், "வயசாயிடுச்சும்மா, ஆறையும் எடுத்துட்டுக் கட்டுப்பல் வச்சிடலாம்" என்றார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. ஈறை எதைக் கொண்டும் அளக்கவில்லை. இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டா என்றும் கேட்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, அச்சு எடுப்பதற்கான முன்பணம் 100 வெள்ளியை (ரிங்கிட்டை) கட்டிவிட்டார். தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்) காலத்தில் பல்வலி என்றால் இடுக்கியால் பிடுங்குவதுதான் வைத்தியம். குளிர்சாதனமும் தோல் நாற்காலியும் வந்த பிறகும் அதே இடுக்கிதான் முதலில் நீள்கிறது.

எனக்குக் கோபம் இவ்வளவு வந்ததற்குக் காரணம் ஒஸ்லோவில் என் ஈறைச் சுத்தம் செய்யும் பெண்மணி ஒருமுறை சொன்ன கதை. ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் 1965-இல் நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தார். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி கண்டது, மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஆறியது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் ஈறு அழற்சிக்குக் காரணம் என்பது அப்படித்தான் உறுதியானது. பிறகு அவரும் அவருடைய குழுவினரும் 1970 முதல் 1985 வரை இலங்கையில் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பல் மருத்துவரையே பாராத, பல் தூரிகையே அறியாத அந்த மனிதர்கள் எல்லாருடைய வாயிலும் அழுக்கும் அது இறுகிக் கல்லான காரையும் நிறைந்திருந்தன. ஆனால் 8 விழுக்காட்டினருக்கு மட்டுமே நோய் வேகமாக முற்றி, 45 வயதுக்குள் எல்லாப் பற்களும் போயின. 81 விழுக்காட்டினருக்கு மிதமான வேகத்தில் வளர்ந்தது. 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீக்கத்தைத் தாண்டவே இல்லை. ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்டவர்கள், இப்போது நான் வாழும் ஒஸ்லோவின் மாணவர்களும் கல்வியாளர்களும். ஒரே அழுக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு வேகத்தில் எலும்பைக் கரைக்கிறது, அதில் உடம்பின் எதிர்வினைக்கும் பெரும்பங்கு உண்டு என்பதை உலகத்துக்குக் காட்டியவை நம் போன்ற தோட்டத்து மக்களின் வாய்கள். அந்த மக்களுள் ஒருத்தியின் வாயைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று முடித்துவிட்டால் எப்படிப் பொறுப்பது?

மறுநாள் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போனோம். காலை எட்டு மணிக்கு எடுத்த நம்பருக்குப் பதினொன்றே காலுக்கு அழைப்பு வந்தது. இடையில் நான் நார்வேயின் ஒழுங்கை மனத்துக்குள் மூன்று முறை புகழ்ந்துவிட்டேன். உள்ளே கெடா மாநிலத்தைச் சேர்ந்த இளம் தமிழ் மருத்துவர் இருந்தார். அவர் முதலில் இனிப்பு நீர் புத்தகத்தைக் கேட்டார். அடுத்து, பல்லை விட்டு ஈறு எவ்வளவு ஆழம் விலகியிருக்கிறது என்று பார்க்க, நுனியில் கடுகிலும் சிறிய உருண்டை வைத்த மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெதுவாக இறக்கினார். கம்பியில் 3.5 மில்லிமீட்டரில் தொடங்கி 5.5 வரை ஒரு கறுப்புப் பட்டை இருக்கும். முன்பற்களில் அந்தப் பட்டை முழுவதும் ஈறுக்குள் மறைந்துபோனதை என் கண்ணாலேயே பார்த்தேன். உடனே வேறொரு கம்பியை எடுத்து, அம்மாவிடம் எஞ்சியிருந்த 22 பல்லையும் பல்லுக்கு ஆறு இடமாக அளந்து, "தீகா, தீகா, அனாம்" (மூன்று, மூன்று, ஆறு) என்று மலாயில் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். மொத்தம் 132 எண்கள். மளிகைக் கடையில் மலாய் எண் பழகிய அம்மா, வாயைத் திறந்தபடியே ஒவ்வொரு "அனாமு"க்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

முடிந்ததும், "கங்காணி மரப்பட்டையோட ஆழம் பாக்கிற மாதிரி பாக்குது இந்தப் பிள்ளை" என்றார். முப்பது ஆண்டுகள் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவருக்கு, கத்தி சற்று ஆழமாகப் போனால் மரம் காயப்படும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆறில் இரண்டு பல்லைக் காப்பாற்றுவது கடினம், மற்ற நான்குக்கும் முயன்று பார்க்கலாம் என்றார் மருத்துவர். இரண்டு தவணையாக மரத்துப்போகும் ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார். மாத்திரை தரவில்லை என்று அம்மாவுக்கு மனக்குறை. கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும்போது வெறும் மாத்திரை அவற்றை அசைக்காது, கையால் கலைத்தால்தான் உண்டு என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். இனிப்பு நீரும் ஈறுநோயும் ஒன்றையொன்று வளர்ப்பவை என்றும் சொன்னார். அன்றிரவு தேடிப் படித்தேன்: காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் 2022-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் நீரிழிவுக்காரர்களின் மூன்று மாதச் சர்க்கரை அளவு (HbA1c) சராசரியாக 0.43 விழுக்காட்டுப் புள்ளி குறைகிறது. ஒஸ்லோவில் பெரியவர்கள் பல்லுக்கு ஆகும் செலவைப் பெரும்பாலும் தாமே ஏற்க வேண்டும். ஈறுநோய் போன்ற சிலவற்றுக்கு மட்டும் அரசு ஒரு பகுதியைத் தருகிறது. அங்கே நான் கட்டும் தொகையை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை, சொல்லவும் போவதில்லை.

வெற்றிலையை விட்டுவிட்டதாக மருத்துவரிடம் அம்மா சொன்னது பொய். பாக்குவெட்டி இன்னும் சாமி அறை மாடத்தில்தான் இருக்கிறது. பல்லிடுக்குத் தூரிகையை மட்டும் இரவு தவறாமல் பயன்படுத்துகிறார், துப்பும்போது ரத்தம் குறைந்திருக்கிறதா என்று கிண்ணத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளக்கும்போது நான் ஒஸ்லோவில் இருப்பேன். தம்பி லீவு போட்டு அழைத்துப் போக வேண்டும்.

கட்டுப்பல் அச்சுக்குக் கொடுத்த 100 வெள்ளி இன்னும் திரும்பவில்லை. ஒவ்வொரு முறை தொலைபேசியில் பேசும்போதும் அம்மா முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.