கிரகரி வாவியா, எல்லவா? பதினேழு சித்திரைக் கணக்கு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 2009 முதல் 2025 வரை பதினேழு சித்திரை. அதில் பதின்மூன்று தடவை புத்தாண்டு லீவுக்கு நாங்கள் போனது நுவரெலியா கிரகரி வாவிக்கு. 2020, 2021, 2022 மூன்று வருடமும் எங்கும் போகவில்லை. முதல் இரண்டும் கொரோனா, மூன்றாவது டீசல் வரிசை. மிச்சம் ஒன்று, 2023. அந்த வருடம் மட்டும் ஊவாப் பக்கத்து மலையூரான எல்லவுக்குப் போனோம். "வருசா வருசம் அங்கேயே போறீங்களே, அலுக்கலையா?" என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கும், இந்த முறை வேறு எங்காவது போகலாமா என்று வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் இது உதவலாம்.

நாங்கள் ஹட்டன் பக்கம். எங்கள் வாயில் அந்த ஊர் 'நுரெலியா'. கொழும்புக்காரர்களுக்கு அது குளிரும் ஸ்ட்ரோபெரியும். எங்களுக்கு அது கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோர், பெரிய ஆஸ்பத்திரி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ். அம்மா ஆயுள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். வீட்டிலிருந்து ஐம்பது கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற அந்த ஊருக்கு மருந்துத் துண்டு கையில் இல்லாமல் அவர் போன முதல் நாள் 2009 சித்திரையில்தான். யுத்தம் இன்னும் முடியாத நேரம். பஸ்ஸில் அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தோம். வாவிக்கரையில் இறங்கியதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இங்க என்ன வேலை நமக்கு?"

இப்போது அதே அம்மாதான் பங்குனி கடைசியிலேயே "எத்தனாந் தேதி போறோம்?" என்று தொடங்கிவிடுகிறார்.

கிரகரி வாவி இயற்கையான ஏரி இல்லை. ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், 1873இல், சதுப்பு நிலத்தில் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது. நாங்கள் முதலில் போனபோது உட்கார்ந்தது வெறும் புல்லில். அப்புறம்தான் வேலி, டிக்கட் கவுண்டர், நடைபாதை, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. டிக்கட் விலையை இங்கே எழுதப் போவதில்லை, அடுத்த சித்திரைக்குள் மாறிவிடும்.

பிள்ளைகளுக்கு வாவி என்றால் அன்னப் படகுதான். வெள்ளை பைபர் உடம்பு, நீண்ட கழுத்து, மூக்கில் ஆரஞ்சுச் சாயம் பாதி உரிந்திருக்கும். ஏறும்போது பொடியன் ஒருவன் காலால் படகைக் கரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்வான். உள்ளே இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் கிடக்கும், அது சப்பாத்துக்குள் போகும். இரண்டு பேர் மிதிக்கிற பெடலில் ஒன்று கட்டாயம் லூசாக இருக்கும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர் காலைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம், படகு நகராது. லூசான பெடல் இருக்கிற படகில் தன்னை ஏற்றிவிட்டோம் என்று 2016இல் மகள் கரைக்கு வரும்வரை அழுதாள். அம்மா ஒரு தடவைகூட ஏறியதில்லை. எல்லோருடைய செருப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் இருப்பார். முழங்கால் வலி ஒரு காரணம். "தண்ணிக்கு மேல என்ன இருக்கு?" என்பது இன்னொன்று.

ஒரே இடத்துக்குப் பதின்மூன்று தடவை போனதில் என்ன கிடைத்தது என்று கேட்டால், நிறைய. சித்திரையில் நுவரெலியாவில் பகல் ஒரு மணி தாண்டினால் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். அதனால் படகு காலையில், கவுண்டர் திறந்த கையோடு. பதினொரு மணிக்கு மேல் அந்த வரிசையில் நின்றால் மழைதான் மிச்சம். சீசனில் ஊருக்குள் பாதைகளை ஒருவழி ஆக்கிவிடுவார்கள், வேனில் போய் ஏரியைச் சுற்றிச் சுற்றி வருவதைவிடத் தள்ளி நிறுத்திவிட்டு நடப்பது மேல். சோற்றுப் பார்சல் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். கோழிக்கறி, பருப்பு, பொரித்த கருவாடு, வாழையிலையில் கட்டியது. விக்டோரியா பூங்காவைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்காதீர்கள், காலை ஏழரைக்கே போய்விடுங்கள். கூட்டமிருக்காது, குருவிகள் இருக்கும். மகாராணியின் ஆட்சி அறுபது ஆண்டு நிறைந்ததற்காக 1897இல் பெயர் வைத்த பூங்கா. பக்கத்திலேயே சிவப்புச் செங்கல் தபால் கந்தோர், எல்லோரும் படம் எடுக்கிற அதே கட்டடம். மகள் ஒவ்வொரு வருடமும் அங்கிருந்து தன் பெயருக்கே ஒரு தபாலட்டை போடுவாள். சில வருடம் நாங்கள் வீடு வந்து ஒரு கிழமை கழித்து வரும், இரண்டு தடவை வரவேயில்லை.

ஏப்ரல் முதலாம் தேதி பாடசாலை பேண்ட் அணிவகுப்போடு சீசன் தொடங்கும். குதிரை ஓட்டம், மலையேறும் கார் ஓட்டம், மலர்க் கண்காட்சி என்று மாதம் முழுக்க ஏதாவது நடக்கும். கார்னிவல் போட்டால் ராட்டினமும் மரணக்கிணறும் இருக்கும். மரணக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் சத்தம் பலகை வழியாக நெஞ்சுக்குள் வரும், அதை மட்டும் நான் இன்னும் ரசிக்கிறேன்.

குறையும் இருக்கிறது. ஜெட் ஸ்கீ வந்தபிறகு கரையில் பேசுவதே கத்துவதுபோல ஆகிவிட்டது. நடைபாதையில் மட்டக்குதிரைச் சாணத்தைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டும். சீசனில் ரூம் விலை மற்ற மாதத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. 2017இல் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ஒரு மாதத்துக்கு முன்பே போனில் பேசி அட்வான்ஸும் போட்டிருந்தோம். போய் நின்றால், எங்கள் ரூமில் வேறு குடும்பம். அதிகக் காசு கொடுத்திருப்பார்கள் போல. அட்வான்ஸைத் திருப்பித் தந்தார்கள், ரூம் தரவில்லை. அன்று இரவு பத்து மணி பஸ்ஸில் கம்பளியும் கையுமாக ஹட்டன் திரும்பினோம். அதன் பிறகு நுவரெலியாவில் ரூம் எடுத்துத் தங்குவதையே விட்டுவிட்டு, விடியக் கிளம்பி மாலையில் திரும்புகிறோம்.

இத்தனைக்கும் பிறகு 2023இல் வேறு இடம் போகலாம் என்று முடிவெடுத்தவள் மகள். அப்போது அவளுக்குப் பதினேழு. போனில் எல்லப் பக்கத்து ரயில் பாலமான ஒன்பது வளைவுப் பாலத்தைக் காட்டி, "வெள்ளைக்காரன் உலகத்தின் மறுகோடியிலிருந்து வர்றான், நாம நாலு மணித்தியாலத்துல இருந்துகிட்டுப் பார்த்ததில்ல" என்றாள். அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஹட்டனிலிருந்து ரயில். ரிசர்வ் டிக்கட் கிடைக்கவில்லை, மூன்றாம் வகுப்பில் நின்றுகொண்டு போனோம். நானுஓயாவில் கொஞ்சப் பேர் இறங்க அம்மாவுக்கு மட்டும் இடம் கிடைத்தது. நானுஓயாவரைதான் எனக்குத் தெரிந்த பாதை. அம்பேவெல, பட்டிப்பொல, அப்புறம் சுரங்கம். அந்தச் சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் மழைமூட்டம், அந்தப் பக்கம் வெயில். ஊவா பக்கம் அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். ரயில் வளைந்தால் ஒரு பக்கம் அடியே இல்லாத பள்ளம். வாசலில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த வெளிநாட்டுப் பிள்ளைகள், கொழுந்து எடுக்கிறவர்களைக் கண்டதும் கமராவைத் தூக்கினார்கள். அம்மா ஜன்னலில் முகத்தை வைத்து அதே மலையைப் பார்த்துவிட்டு, "கவ்வாத்து வெட்ட வேண்டிய மலை, இப்படியே போட்டு வச்சிருக்கான்" என்றார். அப்புத்தளை வரைக்கும் ஒவ்வொரு மலைக்கும் மார்க் போட்டுக்கொண்டே வந்தார். பாதிக்கு மேல் பெயில்.

எல்லவில் இறங்கியதும் முதல் பாடம்: சுவெட்டர் தேவையே இல்லை. நுவரெலியா ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மீற்றர் உயரம், எல்ல ஆயிரத்துச் சொச்சம்தான். நாங்கள் பழக்க தோஷத்தில் ஆளுக்கு இரண்டு சுவெட்டர், கம்பளி, தொப்பி எல்லாம் சுமந்து வந்திருந்தோம். இரண்டாவது பாடம் ரூம். படத்தில் பார்த்தபோது மலையைப் பார்த்த பல்கனி அழகாக இருந்தது. அந்தப் பல்கனிக்கு ரோட்டிலிருந்து எழுபது எண்பது படி என்று படத்தில் தெரியவில்லை. அம்மா ஒவ்வொரு பத்துப் படிக்கும் உட்கார்ந்து எழும்பி ஏறினார். ஏறிய பிறகு, இனி ஊருக்குப் போகும்போதுதான் இறங்குவேன் என்றுவிட்டார். சாப்பாட்டுக் கடைகளில் மெனு முழுக்க ஆங்கிலம். விலையைப் பார்த்துவிட்டு மனைவி சத்தமில்லாமல் மெனுவை மூடினாள். கடைசியில் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சின்னக் கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். அது நன்றாகவே இருந்தது.

பாலம்? உண்மையிலேயே பார்க்க வேண்டியது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், 1921இல் முடித்தது. 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். கல்லும் செங்கல்லும் சீமெந்தும்தான், இரும்புச் சட்டம் இல்லை. மேலிருந்து இறங்குகிற பாதை சேறாக இருந்தது. மகனுக்கு அப்போது ஒன்பது வயது. வழுக்கி உட்கார்ந்த இடத்திலிருந்து பத்தடி தூரம் சறுக்கிக்கொண்டே போனான். எழுந்து பார்த்தால் காலில் அட்டை. பக்கத்தில் நின்ற கொழும்புப் பிள்ளைகள் கத்தினார்கள். இவனோ அதை நகத்தால் சுண்டிவிட்டுப் பெரிய மனுசன் மாதிரி நடந்தான். முக்கால் மணித்தியாலம் காத்திருந்தோம். ரயில் வளைவில் தலை காட்டியதும் பாலத்தில் நின்ற அத்தனை பேரும் ஓரத்துக்கு ஓடினார்கள். டிரைவர் கை காட்டிக்கொண்டே போனார். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மகள் படம் எடுக்க மறந்து வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அந்த முகத்தை வாவிக்கரையில் கடைசியாக எந்த வருடம் பார்த்தேன் என்று ஞாபகமில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது திரும்பி வரும்போதுதான். எல்லவில் அந்த இரண்டு நாளும் மனைவி உட்காரவேயில்லை. கக்கூஸ் எங்கே, சுடுதண்ணி யாரிடம் கேட்பது, ஈர உடுப்பை எங்கே காயவைப்பது, கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அம்மாவுக்கு மாத்திரைக்கு முன்னால் சாப்பிட என்ன இருக்கிறது. எல்லாம் அவள் தலையில். எனக்கும் பிள்ளைகளுக்கும்தான் சுற்றுலா. வாவிக்கரையில் அவள் போனதும் பெஞ்சில் காலை நீட்டுவாள், ஏனென்றால் கேட்பதற்கு ஒன்றுமில்லை, எல்லாம் தெரிந்த இடம். போகும் இடம் எது என்று முடிவெடுக்கிறவர்களும் போன இடத்தில் வேலை செய்கிறவர்களும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், ஓட்டுப் போடும்போது அதையும் கணக்கில் எடுங்கள். நான் எடுக்கவில்லை. ரயிலில் ஹட்டன் வரும்வரை அவள் தூங்கிக்கொண்டே வந்தாள், நின்ற நிலையில்.

இன்னொரு பக்கமும் உண்டு. பதின்மூன்று வாவிப் பயணத்தில் எது எந்த வருடம் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது, சப்பாத்து நனைந்தது, அழுதது எல்லாம் ஒரே நாளாகக் குழம்பிக் கிடக்கிறது. எல்லப் பயணத்தைக் கேட்டால் மகன் சறுக்கின இடத்திலிருந்து மணிக்கணக்கு வைத்துச் சொல்வான்.

2024இல் வேறு மாதிரி செய்து பார்த்தோம். சொந்தக்காரர் வீட்டில் நுவரெலியாவிலேயே ஓர் இரவு தங்கினோம். விடிய நாலரைக்கு வேன் பிடித்து ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா. வாசலில் பை எல்லாம் திறந்து பார்த்து, பிஸ்கட்டின் பொலித்தீன் உறையைப் பிரித்துக் கடதாசிப் பையில் போட்டுத் தந்தார்கள், தண்ணீர்ப் போத்தலில் லேபலைக்கூட விடவில்லை. 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலை விளிம்புக்குப் போய்த் திரும்புகிற சுற்று ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவில். பத்து மணிக்கு மேல் பனிமூட்டம் ஏறிவிட்டால் அங்கே பார்ப்பதற்கு வெள்ளைத் திரைதான் இருக்கும், அதனால் விடியப் போவது கட்டாயம். நாங்கள் எட்டரைக்கு அங்கே நின்றோம். கீழே எண்ணூறு மீற்றருக்கு மேல் நேர் சரிவு. அம்மாவும் மனைவியும் வரவில்லை, வாவிக்கரையில் இருந்தார்கள். நாங்கள் மூவரும் மத்தியானம் அங்கேயே போய்ச் சேர்ந்து, பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, மழை வருமுன் படகும் ஓட்டிவிட்டோம். யாருக்கும் மனக்குறை இல்லாமல் முடிந்த ஒரே பயணம் அதுதான் என்று நினைக்கிறேன். காசும் எல்லவுக்குச் செலவானதில் பாதிகூட இல்லை. ஆனால் நுவரெலியாவில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இருந்ததால்தான் அது சாத்தியம்.

2025இல் மீண்டும் பழையபடி வாவி மட்டும். மகள் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டாள், இரண்டு நாள் லீவில் வந்தாள். பெடல் மிதிக்க மகனோடு அவளே ஏறினாள். தபாலட்டையும் போட்டாள், இந்த முறை கொழும்பு விலாசத்துக்கு.

அடுத்த சித்திரைக்கு இப்போதே பேச்சு தொடங்கிவிட்டது. மகன் லிப்டன் ஆசனம் என்கிறான், அப்புத்தளைப் பக்கம் தம்பேதென்னைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற காட்சி முனை. மகள் பாசிக்குடா என்கிறாள், கடல் பார்க்க வேண்டுமாம். மனைவி இன்னும் வாய் திறக்கவில்லை, இந்த முறை முதலில் அவளைத்தான் கேட்க வேண்டும். அம்மா மட்டும் சொல்லிவிட்டார்: "நீங்க எங்க வேணும்னாலும் போங்க தம்பி. போற வழியில என்னைய அந்த ஏரிக்கரையில எறக்கி விட்டுட்டுப் போங்க."