வரியா, வெட்டா: அந்த மனுவில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்த வாரம் எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றியது. உயர்வைக் கைவிட வேண்டும், அரசு முதலில் தன் செலவைக் குறைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. எதிர்வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். "முப்பது வருஷம் டிரஷரியில இருந்தீங்க சார், நிலைமை உங்களுக்குத் தெரியாததா?" என்றார். தெரிந்ததால்தான் போடவில்லை. வாசலில் நின்று பேசி முடிக்கக்கூடிய விஷயமாக அது இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

கையில் காசில்லாத அரசுக்கு இரண்டு வழிதான். வசூலைக் கூட்டலாம், செலவை வெட்டலாம். கடன் வாங்குவது இந்த இரண்டையும் தள்ளிப்போடும், அவ்வளவுதான். தமிழ்நாடு இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டையுமே முயன்று பார்த்திருக்கிறது. 2001-ல் பொறுப்பேற்ற அரசு, கஜானாவின் நிலையைச் சொல்லும் வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டு, பெரும்பாலும் வெட்டும் வழியில் போனது. 2021 ஆகஸ்ட் 9 அன்று அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் இன்னொரு வெள்ளை அறிக்கை வெளியிட்டார். 2020-21-ன் வருவாய்ப் பற்றாக்குறை, அதாவது அன்றாடச் செலவுக்கு வரவில் விழுந்த துண்டு, 61,320 கோடி ரூபாய், ஒரு குடும்பத்தின் தலையில் 2,63,976 ரூபாய் கடன் என்றது அது. அதன் பிறகு சொத்து வரி, மின்கட்டணம் என்று வசூல் பக்கம் கை நீண்டது.

வெட்டுவதில் உள்ள வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஓர் அரசாணை போதும், மறுநாளே அமலுக்கு வரும், மக்கள் பையிலிருந்து எதுவும் எடுக்க வேண்டாம். வரி அப்படியில்லை. அறிவித்து, திட்டு வாங்கி, வசூலித்து முடிக்க ஒன்றிரண்டு ஆண்டு ஓடிவிடும். இதுவரைக்கும் வெட்டுதான் ஜெயிக்கும்.

ஆனால் எதை வெட்டுவது? மாநில பட்ஜெட்டில் சம்பளம், ஓய்வூதியம், வட்டி மூன்றும் நகராத பாறைகள். 2001-க்குப் பின் அவற்றிலும் கை வைத்துப் பார்த்தார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றார்கள். சலுகைகள் பறிபோன கோபத்தில் அந்த ஜூலையில் அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம் நடந்தது. சுமார் 1.7 லட்சம் பேர் ஒரே மூச்சில் வேலையிழந்தார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலோர் திரும்பினார்கள். மானியங்களிலும் கத்தி விழுந்தது. விவசாயிகளின் இலவச மின்சாரம் போனது, வருமானம் கூடியவர்களின் ரேஷன் அட்டையில், மானியப் பொருள் கிடையாது என்பதற்கான 'எச்' முத்திரை விழுந்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளும் கட்சி ஓரிடம்கூட ஜெயிக்காமல் போனதும் இலவச மின்சாரம் திரும்பியது, 'எச்' அட்டையும் ஒழிந்தது. கேட்க ஆள் இருந்த வெட்டுகளில் பலதும் மூன்றே ஆண்டில் வாபஸ்.

கேட்க ஆளில்லாததால் திரும்பாதது ஒன்று உண்டு. என் முடிவுக்குக் காரணமே அதுதான்: மராமத்து. சாலையில் பள்ளம் அடைப்பது, ஏரி மடைக்குக் கிரீஸ் போடுவது, பள்ளிக்கூட ஓடு மாற்றுவது. இதற்காக யாரும் மறியல் செய்யமாட்டார்கள். ஆகவே பணம் இறுகும்போதெல்லாம் முதல் வெட்டு அங்கேதான் விழும். பில் பாஸ் பண்ணும் மேஜையில் உட்கார்ந்திருந்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். சம்பளப் பட்டியல் மாதக் கடைசியில் தவறாமல் வரும். மராமத்துப் பில்தான் 'ஒதுக்கீடு இல்லை' என்ற குறிப்போடு திரும்பிப் போகும்.

ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஊரை ஒட்டி ஓர் ஏரி. மடையின் ஷட்டரைத் தூக்கி இறக்கும் திருகுக்கம்பி வளைந்துபோயிருந்தது. அதை மாற்ற இருபதாயிரம் ரூபாய்க்குள் ஆகும் ஒரு சின்ன வேலை. இரண்டு நிதியாண்டு அதற்குப் பணம் வரவில்லை. ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த ஆயக்கட்டுக்காரர்கள் மணல் மூட்டையும் வைக்கோலும் திணித்துச் சமாளித்தார்கள். 2005 நவம்பர் மழையில் மடையைத் திறக்க முடியவில்லை. தண்ணீர் மடையை ஒட்டிக் கரையை அறுத்துக்கொண்டு வெளியேறியது. பிறகு கரை கட்டியதற்கான பில்லும் என் மேஜைக்குத்தான் வந்தது. பல லட்சம். வெள்ள நிவாரணத் தலைப்பில் வந்ததால் ஒரே நாளில் பாஸ் ஆனது. நடவு அழுகிப்போன வயல்களின் கணக்கு அந்தப் பில்லில் இல்லை.

சாலைப் பணியாளர்கள் கதை இதைவிடப் பெரியது. 1997-ல் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். புல் வெட்டி, ஓரம் கட்டி, மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வாரி சாலையைக் காப்பாற்றுவதே அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில் ஏறத்தாழ பத்தாயிரம் பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் கழித்து 2006 தேர்தலுக்கு முன்பே திரும்ப எடுத்தார்கள். அந்த 41 மாதத்தைப் பணிக்காலமாகச் சேர்க்கச் சொல்லி அப்புறம் ஆண்டுக்கணக்கில் போராட்டமும் வழக்குமாகப் போனது. அந்த இடைவெளியில் தண்ணீர் தேங்கிப் பெயர்ந்த தார்ச்சாலைகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்? மிச்சம் பிடித்த சம்பளம் மட்டும்தான் ஏட்டில் ஏறியது.

ஆள் எடுப்புத் தடையும் அந்த வகைதான். 2001 நவம்பரில் விழுந்தது, 2006 தொடக்கம்வரை நீடித்தது. பதினொரு பேர் இருக்க வேண்டிய எங்கள் அலுவலகத்தில் ஆறு பேர் இருந்தோம். என்னிடம் இரண்டு மேஜை. ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு ஏழு மாதம் என் மேஜையிலேயே கிடந்தது. அவர் வாரம் ஒருமுறை வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, எதுவும் கேட்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போவார். வெட்டு என்ற சொல்லைக் கேட்டால் இன்றும் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சரி, வெட்டித்தானே 2005-06-ல் மாநிலம் வருவாய் உபரிக்கு வந்தது என்று கேட்கலாம். வெட்டு கொஞ்சம் உதவியது, மறுக்கமாட்டேன். ஆனால் அதே காலத்தில் வசூல் பக்கம் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருளாதாரம் மேலெழுந்து விற்பனை வரி கூடியது. 2003 நவம்பரில் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. அந்தப் பணத்தை நான் கொண்டாடவில்லை. அது எந்த வீடுகளிலிருந்து வந்தது என்று தெரியும். கஜானாவைத் தூக்கி நிறுத்தியதில் வரவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

அதனால்தான் எந்த வரி என்ற கேள்வி முக்கியமாகிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் மாநிலம் தானாகக் கூட்டக்கூடியவை மிகச் சில: பெட்ரோல், டீசல், மது, பத்திரப்பதிவு, வாகன வரி. பெட்ரோலைக் கூட்டினால் மொபெட்டில் மீன் விற்கப் போகிறவர் தலையில் விழும். 2021 ஆகஸ்டில் பற்றாக்குறைக்கு நடுவிலும் பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது சரி என்றே நினைக்கிறேன். சொத்து வரி வேறு மாதிரி. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-க்கு மேல் போனால் 100 சதவீதம் என்று வீட்டின் அளவுக்கேற்ப உயர்வு வைத்தார்கள். என் வீடு 1,100 சதுர அடி, 50 சதவீதம். அரையாண்டுக்கு 1,240 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவன் அப்போது 1,860 கட்டினேன். அதற்கு முன் நிலைத்து நின்ற உயர்வு 2008-ல் வந்தது. பதினான்கு ஆண்டில் என் மனை விலை எத்தனை மடங்கு ஏறியது என்பதை நினைத்தால், இதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வாதத்தில் ஓட்டைகளும் உண்டு. சொத்து வரி நகராட்சிக்குப் போகிறது, மாநிலப் பற்றாக்குறையை நேராக அடைக்காது. நகராட்சி தன் காலில் நின்றால் மாநிலம் அதற்குக் கொடுக்க வேண்டியது குறையும் என்பதுதான் என் கணக்கு. மாநிலத்தின் வருவாய்ப் பற்றாக்குறை 2022-23-ல் 36,000 கோடி அளவுக்கு இறங்கியதும் வரியால் மட்டும் வந்ததில்லை. கொரோனா முடிந்து வியாபாரம் திரும்பியதே பெரிய காரணம், அடுத்த ஆண்டே அது மறுபடி ஏறியது. வாடகைக்கு இருப்பவர்கள் மேல் வீட்டுக்காரர்கள் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் நான் சொந்த வீட்டிலிருந்துகொண்டு அளந்து சொல்ல முடியாது. எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் வாடகை கூடியது.

வெட்டவே கூடாது என்பதும் என் கட்சி இல்லை. கூட்டுறவு நகைக்கடன் தள்ளுபடிக்கு வந்த 48 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்களைச் சரிபார்த்து, சுமார் 35 லட்சம் தகுதியில்லை என்று நீக்கினார்களே, அது நல்ல வெட்டு. ஒவ்வொரு கணக்காக உட்கார்ந்து பார்த்துச் செய்தது. எல்லாத் துறைக்கும் இத்தனை சதவீதம் குறை என்று ஒரே கோடாகப் போடும் வெட்டைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்தக் கோடு கடைசியில் மடை ஷட்டர்மேல்தான் வந்து நிற்கும்.

எதிர்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு உடன்படவில்லை. கட்டுகிற வரிக்கு எங்கள் தெருச் சாக்கடையாவது ஓட வேண்டாமா என்கிறார். அந்தக் கேள்வியை நகராட்சியிடமே எழுதிக் கேட்டோம். எங்கள் வார்டில் வசூலான வரி எவ்வளவு, மராமத்துக்குச் செலவானது எவ்வளவு என்று. அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது.